ஐந்து நொடிக்கு ஒரு மூச்சு: அட்வான்ஸ்டு முடித்தபின் நான் எடுத்த ரெஸ்க்யூ பயிற்சி

ஸ்கூபா டைவிங்கில் (சிலிண்டர் காற்றோடு தண்ணீருக்குள் நீந்துவது) இரண்டாம் நிலையான அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் கார்டு கைக்கு வந்தபோது, டைவ்களைக் குறித்துவைக்கும் என் லாக் புக்கில் மொத்தமே ஒன்பது டைவ். அடிப்படைப் பயிற்சியில் நான்கு, அட்வான்ஸ்டில் ஐந்து. ஒன்பது முறை தண்ணீருக்குள் போய்வந்த ஆளை எந்தக் கணக்கில் 'அட்வான்ஸ்டு' என்கிறார்கள் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறவள் நான். ஒன்பது நாள் மட்டும் வகுப்புக்கு வந்த பிள்ளையை மேல்வகுப்புக்கு அனுப்பினால் அந்தப் பிள்ளையின் பெற்றோரே சண்டைக்கு வருவார்கள். ஆனால் கார்டு சொல்கிறது, நான் 30 மீட்டர் வரை இறங்கலாமாம். சரி, சொல்லட்டும்.

கார்டு கொடுத்த கையோடு மையத்தில் இன்னொரு தாளையும் நீட்டினார்கள். அடுத்து என்னென்ன படிக்கலாம் என்ற பட்டியல். ஆழ டைவ், இரவு டைவ், மூழ்கிய கப்பல், நீரோட்டம், திசையறிதல், நீருக்கடியில் படம் எடுப்பது, நைட்ராக்ஸ், ட்ரை சூட் என்று கல்யாண வீட்டுச் சாமான் லிஸ்ட் மாதிரி நீண்டுகொண்டே போனது. இப்படி ஒவ்வொன்றும் ஒரு ஸ்பெஷாலிட்டி; இதில் ஏதாவது ஐந்து, கூடவே ரெஸ்க்யூ என்ற மீட்புப் பயிற்சி, லாக் புக்கில் 50 டைவ் எல்லாம் சேர்ந்தால் மாஸ்டர் ஸ்கூபா டைவர். மொத்தமாக இன்றே பதிவு செய்துகொண்டால் நல்லது என்று சிரித்துக்கொண்டே சொன்னார் மேசையில் இருந்தவர். கூட வந்த தம்பி அந்தத் தாளைப் போனில் படம் பிடித்துவிட்டு, "அக்கா, எல்லாத்தையும் முடிச்சிட்டா நம்மளே மீனாயிடலாம் போல" என்றான்.

நான் எதிலும் சேரவில்லை. அது புத்திசாலித்தனத்தால் எடுத்த முடிவு அல்ல, லீவு முடிந்துவிட்டது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன கணக்கெல்லாம் 'பாடி' (PADI) என்று எல்லோரும் சொல்கிற டைவிங் பயிற்சி அமைப்பினுடையது. எஸ்எஸ்ஐ (SSI) என்ற இன்னொரு அமைப்பில் அதே பெயருள்ள அட்வான்ஸ்டு கார்டுக்கு நான்கு ஸ்பெஷாலிட்டியும் 24 டைவும் வேண்டும். பெயர் ஒன்றுதான், உள்ளே இருக்கும் சரக்கு வேறு. அதனால் 'அட்வான்ஸ்டு முடித்துவிட்டேன், அடுத்து என்ன' என்று யாராவது கேட்டால் எத்தனை டைவ் ஆயிற்று என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்கிறேன்.

ரெஸ்க்யூ பக்கம் என்னைத் தள்ளியது என் 23வது டைவ். 16 மீட்டரில் ஒரு ஆமை பாறை இடுக்கில் தலையை நுழைத்துக்கொண்டு எதையோ பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நிமிடமா, மூன்று நிமிடமா தெரியாது. திரும்பினால் தம்பி இல்லை. என் ஜோடி அவன்தான். ஒரு நிமிடம் தேடு, கிடைக்காவிட்டால் நிதானமாக மேலே போ, மேற்பரப்பில் சேர்ந்துகொள் என்று முதல் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தேர்வில் அதற்குச் சரியான விடைதான் எழுதினேன். அன்றைக்குச் செய்தது? நாலு நிமிடத்துக்கு மேல் பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். காற்று மானியைப் பார்க்கவே இல்லை. கடைசியில் மேலே வந்தால் அவன் போட்டின் ஏணியைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறான், முகம் வெளிறிப்போய். மாஸ்க்கில் தண்ணீர் புகுந்திருக்கிறது, வெளியேற்ற முடியவில்லை, பயந்து மேலே ஏறிவிட்டான். மேலே வரும் வழியில் சில நிமிடம் நிற்க வேண்டிய பாதுகாப்பு நிறுத்தமெல்லாம் எதுவும் இல்லை. "உன் காலைத் தட்டினேன், நீ திரும்பல" என்றான். எனக்குத் தெரியவே தெரியாது. ஏதோ செடி உரசுகிறது என்று நினைத்தேன் போல.

ஆனால் அதற்கு மறுநாளே ரெஸ்க்யூவில் போய்ச் சேரவில்லை. நடுவில் இரண்டு சின்னப் பயிற்சிகள். அவற்றைப் பற்றியும் நாலு வரி சொல்ல வேண்டும்.

நைட்ராக்ஸ், அதாவது சாதாரணக் காற்றைவிட ஆக்ஸிஜன் அதிகமுள்ள கலவை. எல்லோரும் 'முதல்ல இதை எடு' என்றார்கள். எளிய பயிற்சிதான். சிலிண்டரில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று நாமே மானி வைத்து அளந்து, ஸ்டிக்கரில் எழுதிக் கையெழுத்துப் போடுவது. மற்றபடி கணக்கு. 32 சதவீதக் கலவைக்கு 34 மீட்டர் சுமாருக்குக் கீழே போகக்கூடாது, 36க்கு 29 மீட்டர். அதற்குக் கீழே ஆக்ஸிஜனே விஷமாகத் தொடங்கும். எனக்கு இந்தக் கணக்கு பிடித்திருந்தது. பகுதி அழுத்தத்தைப் பத்தாண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவிட்டு முதல்முறையாக அதை மூச்சில் இழுத்தேன். பலன்? சாதாரணக் காற்றில் 18 மீட்டரில் அதிகபட்சம் 56 நிமிடம் இருக்கலாம் என்று டைவ் அட்டவணை சொல்லும் இடத்தில் 32 சதவீதத்தில் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். ஆனால் என் தம்பி மாதிரி முப்பத்தைந்தாவது நிமிடத்திலேயே சிலிண்டரைக் காலி செய்கிறவனுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் எதற்கு? ஒரே நாளில் மூன்று, நான்கு டைவ் போகிறவர்களுக்கு உண்மையிலேயே உதவும். ஒரு நாளைக்கு ஒன்று மட்டும் போகிறவர்கள் அவசரப்பட வேண்டாம்.

இரண்டாவது, மிதவைக் கட்டுப்பாடு, அதாவது தண்ணீருக்குள் ஏறாமல் இறங்காமல் நிற்பது. இரண்டே டைவ். இதைத்தான் நான் ஒன்பதாவது டைவ் முடிந்த அன்றே செய்திருக்க வேண்டும். அதுவரை 8 கிலோ ஈயத்தைக் கட்டிக்கொண்டு இறங்கி, அது இழுக்கிறதே என்று பிசிடி எனும் மிதவைச் சட்டையில் காற்றை அடித்து, அதனால் மேலே போய், மறுபடி காற்றை விட்டு... லிஃப்ட் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் என்னை மேற்பரப்பில் நிற்கவைத்துப் பிசிடியை முழுதாகக் காலி செய்யச் சொன்னார். மூச்சை இழுத்துப் பிடித்தால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். நானோ மூச்சை விடும் முன்பே கல்லைப்போல் அமிழ்ந்தேன். ஒவ்வொரு கிலோவாகக் கழற்றினோம். டைவ் முடிவதற்குள் சிலிண்டரில் இருந்து கிட்டத்தட்ட 2 கிலோ எடையுள்ள காற்று மூச்சாகப் போய்விடும் என்பதால் அதையும் கணக்கில் சேர்த்து, கடைசியில் 5 கிலோவில் நிறுத்தினோம். மூன்று கிலோ ஈயத்தைச் சும்மா ஊர்வலம் அழைத்துப் போயிருக்கிறேன். எடை குறைந்ததும் காற்றுச் செலவும் குறைந்தது. அதைவிட முக்கியம், என் உடம்பைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த மூளைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. இது இல்லாமல் ரெஸ்க்யூவுக்குப் போவதில் அர்த்தமில்லை என்று போன பிறகு புரிந்தது.

ஆழ டைவ் ஸ்பெஷாலிட்டியை வேண்டாம் என்றேன். 40 மீட்டர் வரை இறங்கலாம், ஆனால் அட்டவணைப்படி அங்கே காற்றில் இருக்கக்கூடிய நேரம் 9 நிமிடம். அழுத்தம் மேற்பரப்பைப்போல் ஐந்து மடங்கு. காற்றும் ஐந்து மடங்கு வேகத்தில் தீரும். ஆழத்தில் மூளையை மயக்கும் நைட்ரஜன் போதை வேறு. ஒன்பது நிமிடத்துக்காகப் போய்ப் பார்க்க அங்கே எனக்கு எதுவும் இல்லை. மூழ்கிய கப்பல் மேல் கிறுக்கு உள்ளவர்களுக்கு இருக்கலாம்.

சரி, ரெஸ்க்யூ. 31 டைவ் ஆன பிறகு நானும் தம்பியும் சேர்ந்தோம். ஆறு மாணவர்கள், ஒரு பயிற்சியாளர், ஒரு உதவியாளர். சேர அட்வான்ஸ்டு கார்டு இருந்தால் போதும். முதலுதவியும் நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் முறையும் கடந்த 24 மாதத்துக்குள் கற்றிருக்க வேண்டும்; நாங்கள் அதை முதல் நாளே அங்கேயே செய்தோம். பொம்மையின் நெஞ்சை 30 முறை அழுத்தி, இரண்டு மூச்சு ஊதி, மறுபடி 30. நிமிடத்துக்கு 100லிருந்து 120 அழுத்தம். மூன்றாவது நிமிடத்தில் என் மணிக்கட்டு கெஞ்சியது. டிவியில் பார்க்கும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

அடுத்தது தண்ணீரில் பத்துப் பயிற்சிகள். களைத்த டைவர், பீதியடைந்த டைவர், காணாமல் போன டைவர், நினைவிழந்த டைவர் என்று வரிசையாக. களைத்தவரை இழுத்துவருவது ஒன்றுமில்லை. பீதியடைந்தவர்தான் பாடம்.

பீதியில் இருப்பவர் மாஸ்க்கை நெற்றிக்குத் தள்ளிவிடுவார், வாயில் கடித்து மூச்சிழுக்கும் ரெகுலேட்டரைத் துப்பிவிடுவார், உடம்பு செங்குத்தாக நிற்கும், இல்லாத ஏணியில் கைகள் ஏறும். நாம் கிட்டே போனால் நாம்தான் அந்த ஏணி. அதனால் நேராகப் போகக்கூடாது. கைக்கு எட்டாத தூரத்தில் நின்று பேச வேண்டும். பிறகு சுற்றிப் பின்னால் போய், அவருடைய சிலிண்டரை நம் இரண்டு முழங்காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, அவருடைய பிசிடியில் காற்றை நிரப்ப வேண்டும். அப்படியும் பிடித்துவிட்டால்? கீழே போ. தண்ணீருக்குள் இழுத்தால் அவர் விட்டுவிடுவார். அவர் போக நினைப்பது மேலே. இதைக் கேட்டபோது தலையாட்டினேன். உதவியாளர் நடிக்க வந்தார். வந்த வேகத்தில் என் தலையைப் பிடித்து அமுக்கிவிட்டு என் தோள் மேல் ஏறினார். என் மாஸ்க் எங்கோ போனது. மூக்கு நிறைய உப்புத் தண்ணீர். கீழே போக வேண்டும் என்பது நினைவுக்கு வரவே இல்லை, நானும் மேலேதான் போகப் பார்த்தேன். கரையிலிருந்து பார்த்திருந்தால் யார் யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்றே தெரிந்திருக்காது. அப்புறம் தம்பி கேட்டான், "அக்கா, உன் கண்ணு ஏன் அவ்ளோ பெருசா இருந்துச்சு?"

மூன்றாவது முறை சரியாக வந்தது. ஒரே இழுப்பில் கீழே, பிடி விட்டது, அவர் காலுக்குக் கீழாக நீந்திப் பின்பக்கம் எழுந்தேன். இந்த ஒரு பயிற்சிக்காகவே முழு வகுப்பையும் பரிந்துரைப்பேன். காரணம், உதவியாளர் நடிப்பில் எங்களுக்கு இரக்கம் காட்டவில்லை. வேறு ஒரு மையத்தில் எடுத்த தோழி சொன்னாள், அங்கே மாணவர்களே மாறி மாறிப் பீதி நடித்தார்களாம். எல்லோரும் ரொம்ப மரியாதையாகப் பீதியடைந்தார்களாம். அதில் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

அடுத்தது நினைவிழந்த டைவர். அடியில் கிடக்கிறவரை மேலே கொண்டுவரும்போது வாயில் ரெகுலேட்டர் இருந்தால் விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே விழுந்திருந்தால் அதைத் திரும்பப் பொருத்த நேரம் கடத்தக்கூடாது. மேற்பரப்புக்கு வந்ததும் மல்லாக்கத் திருப்பு, எடையை அவிழ்த்து விடு, மாஸ்க்கைக் கழற்று, மூச்சு இருக்கிறதா பார், உதவிக்குக் கத்து. மூச்சில்லை என்றால் இரண்டு மூச்சு. அதன்பின் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்குப்படி ஐந்து நொடிக்கு ஒன்று. பயிற்சியில் நிஜமாக ஊதுவதில்லை, கிட்டத்தில் போய்ப் பாவனை செய்தால் போதும். ஆனால் கணக்கு நிஜம். அந்த ஐந்து நொடிக்குள் போட்டை நோக்கி இழுக்கவும் வேண்டும், அவருடைய பட்டைகளை, பிசிடியை ஒவ்வொன்றாகக் கழற்றவும் வேண்டும்.

நான் வாய்விட்டே எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, மூச்சு. ஒண்ணு, ரெண்டு, இடுப்புப் பட்டை, நாலு, மூச்சு. ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு வேலை. அப்படிச் செய்தால் தாளம் நிற்கும். நெஞ்சுப் பட்டையின் கிளிப்பில் மணல் சிக்கியிருந்தது. அழுத்திப் பார்த்தேன், வரவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினேன். நினைவிழந்து மிதந்துகொண்டிருந்த பயிற்சியாளர் ஒற்றைக் கண்ணைத் திறந்து, "நான் மூச்சு விட்டுப் பதினேழு நொடி ஆச்சு மேடம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கிளிப்பை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கினேன். அன்று ராத்திரி தூக்கத்திலும் எண்ணிக்கொண்டிருந்ததாகத் தம்பி சொல்கிறான்.

காணாமல் போனவரைத் தேடுவதில் நாங்கள் தோற்றோம். நாலு மீட்டர் கூடக் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர். திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு, ஃபின் அடிப்பை எண்ணி நேராகப் போய், பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்து, திரும்பி வந்து, மறுபடி என்று வயலை உழுவது மாதிரி தேட வேண்டும். மூன்றாவது சாலிலேயே தம்பி கோணலாகிவிட்டான். 'காணாமல் போனவர்' பக்கத்துச் சாலில் பத்து நிமிடமாகக் காத்திருந்தாராம். அட்வான்ஸ்டில் திசையறிதல் டைவைச் சும்மா கடந்து வந்தவர்களுக்கு இங்கே பல் இளித்துவிடும்.

குறைகளும் உண்டு, சொல்லாமல் விட மாட்டேன். மூன்று நாள் என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, முதலுதவி போகத் தண்ணீர்ப் பயிற்சிகளை ஒன்றரை நாளில் திணித்தார்கள். கடைசியில் இரண்டு முழு நிகழ்வுகளை நடித்துக் காட்ட வேண்டும். இரண்டாவதை வெளிச்சம் மங்கும் நேரத்தில், எல்லோரும் களைத்துப்போன பிறகு, சட்டென்று முடித்தார்கள். எங்கே தப்பு செய்தோம் என்று உட்கார்ந்து பேசவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய வருத்தம். தேர்வுத்தாளைத் திருத்தித் திரும்பக் கொடுக்காத வாத்தியாரை எப்படி மன்னிப்பது? இன்னொன்று, ஆக்ஸிஜன் பெட்டி. ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் உடம்பில் நைட்ரஜன் குமிழ்கள் உண்டாகும் அழுத்த நோய்க்கு முதலுதவியே அதுதான். அதைத் திறந்து, 'இது ரெகுலேட்டர், இது மாஸ்க்' என்று காட்டிவிட்டு மூடிவிட்டார்கள். ஆறு பேரில் ஒருவர் கையில்கூட அதைக் கொடுக்கவில்லை. நான் கேட்ட பிறகு, 'நேரம் இருந்தால் பார்ப்போம்' என்றார்கள். நேரம் இருக்கவில்லை.

அதனால் சேரும் முன்னால் கேளுங்கள்: எத்தனை பேர், தண்ணீரில் எத்தனை நாள், பாதிக்கப்பட்டவராக நடிப்பது யார், ஆக்ஸிஜன் பெட்டியை நாமே பொருத்திப் பார்க்க விடுவார்களா. பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். கார்டு எந்த அமைப்பினுடையது என்பது அவ்வளவு முக்கியமில்லை. எஸ்எஸ்ஐயில் இதே பயிற்சிக்கு ஸ்ட்ரெஸ் அண்ட் ரெஸ்க்யூ என்று பெயர், கருப்பொருள் ஒன்றேதான்.

அடுத்தவரைக் காப்பாற்றுவதெல்லாம் அப்புறம், முதலில் என் நீச்சல் ஒழுங்காக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஜியூஇ (GUE) என்ற இன்னொரு டைவிங் அமைப்பின் ஃபண்டமென்டல்ஸ் பயிற்சி இருக்கிறது. நாம் தண்ணீரில் செய்வதை வீடியோ எடுத்துப் போட்டுக் காட்டுவார்கள்; சரியில்லை என்றால் கார்டு தர மாட்டார்கள். என் தோழி ஒருத்தி முதல் முறை தேறவில்லை. அவளைப்போல் அழகாகத் தண்ணீரில் கிடைமட்டமாக நிற்கிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை. டைவ்மாஸ்டர் என்பதோ வேறு பாதை. 40 டைவ் இருந்தால் தொடங்கலாம், முடிக்க 60 வேண்டும், ரெஸ்க்யூவும் கட்டாயம். ஆனால் அது அடுத்தவர்களை அழைத்துப்போகும் வேலைக்கான படிப்பு. வாத்தியார் வேலை எனக்கு ஏற்கெனவே இருக்கிறது.

பயிற்சி முடிந்து இரண்டு வாரம் கழித்துச் சாதாரணமாக ஒரு டைவுக்குப் போனோம். போட்டில் எதிரே ஒரு பெண் மாஸ்க்கின் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தார். ஒருமுறை, இரண்டுமுறை, நான்காவது முறை. யாரோடும் பேசவில்லை. முன்பாக இருந்தால் நான் கேமராவைத் துடைத்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து மாஸ்க் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். போன தடவை தண்ணீர் உள்ளே வந்துவிட்டது, அதனால் பயமாக இருக்கிறது என்றார். முன்முடி இரண்டு கொத்து மாஸ்க்கின் ஓரத்தில் சிக்கியிருந்தது. ஒதுக்கிவிட்டு, இறங்கியதும் ஏணியைப் பிடித்தபடியே இரண்டு முறை தண்ணீரை விட்டு வெளியேற்றிப் பார்த்தோம். நன்றாகவே செய்தார். நாங்கள் பத்து நிமிடம் தாமதமாக இறங்கினோம். முதலில் இறங்கிய தம்பி குழுவுக்கு ஆமை கிடைத்ததாம், இரண்டு. மேலே வந்து அதை எனக்கு மூன்று முறை சொன்னான்.

மதிப்பெண் போடுவது என் தொழில் என்பதால் போட்டுவிடுகிறேன். பயிற்சிக்கு ஐந்துக்கு ஐந்து. அதை எனக்கு நடத்திய மையத்துக்கு மூன்றரை. அந்த மூன்றரையில் பெரும்பங்கு என் தலையை அமுக்கிய உதவியாளருக்கு. ஆக்ஸிஜன் பெட்டிக்காக டைவர்கள் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் நடத்தும் தனிப் பயிற்சியில் பெயர் கொடுத்திருக்கிறேன். அடுத்த லீவில்தான். அங்கே பெட்டியை நம் கையில் கொடுப்பார்களா என்று முதலிலேயே கேட்டுவிட்டேன். கொடுப்பார்களாம்.